பத்தாயிரம் ரூபாய் பள்ளம் - மாட்டுவண்டிப் பந்தயம்: கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் புலம்பல்

கோவில்பட்டின்னு சொன்னதும் ஆளாளுக்கு நாலு விஷயம் சொல்வாங்க. கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி, அப்புறம் இடைசெவல் கி.ரா. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதை வெளியூர்க்காரங்க அவ்வளவா சொல்றதில்ல. எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறுன்னு எந்தப் பக்கம் போனாலும் கோவில் கொடைக்கு அடிச்ச நோட்டீஸ்ல அது இருக்கும். மாட்டுவண்டிப் பந்தயம். கரிசக்காட்டு ரேஸ்.

நண்பர்கள் சிலர் டிராக் ரேஸ் பத்தி விழுந்து விழுந்து எழுதறாங்க. கால் மைல், அதாவது 402 மீட்டர், எவன் வண்டி எத்தனை நொடி, எந்த சிசிக்கு எந்தப் பிரிவுன்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல அவங்க அடிச்சுக்கிற சண்டை எல்லாம் (விதி சரியில்ல, செலவு கட்டுப்படியாகல, பரிசு மூணு பேருக்குத்தான்) அச்சு அசலா எங்க ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் பொருந்துது. ஒரே வித்தியாசம், அங்க தோத்தா இஞ்சின் சூடாகும். இங்க தோத்தா ஒரு சம்சாரி வீட்டு மாடு சந்தைக்குப் போகும்.

அதனால இன்னிக்கு ஒரு கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல் மட்டும்தான் :-)

முதல்ல தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தமிழ்நாட்டுல இது ரெண்டு விதம். கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர்னு தூரம் அளந்து, ஒவ்வொரு வண்டியும் எடுத்துக்கிட்ட நேரத்தைக் குறிச்சு ஜெயிச்சது யாருன்னு சொல்வாங்க. கிட்டத்தட்ட டிராக் ரேஸேதான். தெக்க வந்தா கதை வேற. எங்க பக்கம், அப்புறம் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை எல்லாம் ரோட்டு ஓட்டம். எல்லா வண்டியும் ஒண்ணா கிளம்பும். இத்தனை மைல் போய், திரும்பி, கிளம்பின இடத்துக்கே வரணும். எல்லாத்துலயும் மெட்ரிக் வந்தாச்சு, பந்தய நோட்டீஸ்ல மட்டும் இன்னும் மைல்தான்.

பிரிவுகளோட பேரைக் கேட்டாலே ஆசையா இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு. வயசும் உயரமும் பார்த்துப் பிரிக்கிறது. குருவிக்கும் தும்பிக்கும் வைக்கிற பேரை மாட்டுக்கு வச்ச ஊர் எங்க ஊர். ரசனைக்காரப் பயலுவ.

பேர் அழகா இருக்கு, சரி. விதி? அங்கதான் இடிக்குது. ஒரு ஊர்ல பூஞ்சிட்டுல ஓடுற ஜோடியை அடுத்த ஊர்ல 'இது கரிச்சான்'னு சொல்லி நிறுத்துவாங்க. நான் பார்த்த நோட்டீஸ்ல எல்லாம் பரிசுத் தொகை கொட்டை எழுத்துல இருக்கும். உபயதாரர் பேர் அதைவிடப் பெருசா இருக்கும். கடைசியில 'விழாக் கமிட்டியாரின் முடிவே இறுதியானது'ன்னு ஒரு வரி. உயரம் எத்தனை அங்குலம், பல் எத்தனை, சாட்டை உண்டா இல்லையா, மூச்சு! அதெல்லாம் 'எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே'.

எல்லாருக்கும் தெரிஞ்சது யாருக்குச் சாதகமா முடியும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். இது எந்த ஊர்க் கணக்கும் இல்ல, ஒரு பேச்சுக்கு நானே போட்டது. ரூபாயை உங்க ஊருக்குத் தக்க மாத்திக்கோங்க.

சின்ன மாட்டுப் பிரிவுல 15 வண்டி. நுழைவுக் கட்டணம் வண்டிக்கு ரூ.2,000. ஆக வசூல் 30,000. கமிட்டி ஊர் வரியிலயும் நன்கொடையிலயும் இருந்து இன்னொரு 15,000 போடுது. மொத்தப் பரிசு 45,000. முதல் பரிசு 20,000, ரெண்டாவது 15,000, மூணாவது 10,000. மத்த 12 வண்டிக்கும் ஒரு துண்டு, ஒரு கும்பிடு.

இப்ப வண்டிக்காரர் செலவு. கட்டணம் 2,000. மாட்டையும் வண்டியையும் ஏத்திட்டு வர மினி லாரி வாடகை 3,000. சாரதிக்கும் கூட ஓடுறவருக்கும் 1,500. அன்னிக்குத் தீனி, சாப்பாடு, டீ, லொட்டு லொசுக்கு 500. ஆக 7,000. வருஷம் முழுக்கப் போடுற பருத்திக்கொட்டை, கொள்ளு, தவிடு, லாடம், வைத்தியம் எதையும் இதுல சேர்க்கல. சேர்த்தா இந்தப் பதிவை நான் முடிக்க மாட்டேன், நீங்களும் படிக்க மாட்டீங்க.

15 வண்டியும் சேர்ந்து அன்னிக்குச் செலவழிச்சது 1,05,000. திரும்பி வந்தது 45,000. சராசரியா வண்டிக்கு 3,000 வருது, 7,000 போகுது. விளையாட்டுன்னா செலவுதான், ஒத்துக்கிறேன். யாரும் இதுல சம்பாதிச்சு மாடி கட்ட வரல. ஆனா அந்த நஷ்டம் யார் தலையில விழுதுங்கிறதுதான் கேள்வி. பத்து ஜோடி வச்சிருக்கிற பெரிய கைக்கு அது செலவு. மானாவாரியில ஒரு வெள்ளாமை எடுத்து, உளுந்தும் பாசியும் வித்த காசுல ஒரு ஜோடி வளர்க்கிற சம்சாரிக்கு அது கடன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி கரிச்சான் ஜோடி ஒண்ணு வச்சிருந்தார். ரெண்டு வருஷம் ஓட்டினார். நல்ல மாடுக. பெரும்பாலும் நாலாவது, அஞ்சாவது வரும். பதினஞ்சு வண்டியில நாலாவது வர்றது சும்மா இல்ல. பள்ளிக்கூடத்துல நாலாவது ரேங்க் எடுத்தா பலகாரம் வாங்கித் தருவோம். இங்க அதுக்கு ஒரு துண்டு. அவர் வித்துட்டார். "மாடு தோக்கல தம்பி, டீசல் காசுதான் தோத்துச்சு"ன்னார். வாங்கினது யாருங்கிறீங்க? ஏற்கெனவே எட்டு ஜோடி வச்சிருந்த ஒருத்தர்.

இப்படித்தான் ஒவ்வொரு பிரிவும் ரெண்டு மூணு பேர் கைக்குள்ள போகுது. இன்னும் பத்து வருஷத்துல பந்தயம் நடக்கும், கூட்டமும் இருக்கும். ஆனா ஓடுற மாடு ஊர் மாடா இருக்காது.

இதுக்குப் பரிகாரம்னு பெரும்பாலானவங்க சொல்றது, 'பரிசைக் கூட்டு'. 20,000-ஐ 50,000 ஆக்கு. நான் இதுக்கு முழு எதிர்ப்பு. ஏன்னா பிரச்சினை பரிசு சின்னதா இருக்கிறதுல இல்ல. மூணாவது பரிசுக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல இருக்கு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கடைசி அரை மைல். மூணாவதும் நாலாவதும் கழுத்துக்குக் கழுத்து வருது. முன்னால போனா 10,000. பின்னால நின்னா பூஜ்யம். சாரதி கையில சாட்டை இருக்கு. அவர் நல்ல மனுஷன்தான், வீட்டுல மாட்டைக் கன்னுக்குட்டி மாதிரி தடவுறவர்தான். ஆனா அந்த அரை மைலுக்கு அவர் கையை வீச வைக்கிறது அவர் குணம் இல்ல, அந்தப் பத்தாயிரம் ரூபாய் பள்ளம். பரிசைக் கூட்டினா பள்ளமும் சேர்ந்து ஆழமாகும். அடி இன்னும் பலமா விழும்.

அதே 45,000-ஐ இப்படிப் பிரிச்சுப் பாருங்க:

முதல் பரிசு 12,000
ரெண்டாவது 9,000
மூணாவது 7,000
நாலாவது 5,000
அஞ்சாவது 4,000
ஆறு முதல் ஒன்பது வரை ஆளுக்கு 2,000

கூட்டிப் பார்த்துக்கோங்க, 45,000 சரியா வரும். ஒரு பைசா கூடப் போடல. இப்ப மூணாவதுக்கும் நாலாவதுக்கும் வித்தியாசம் 2,000 தான். எந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவுல 3,000-க்கு மேல இல்ல. பதினஞ்சுல ஒன்பது வண்டி நுழைவுக் கட்டணத்தையாவது கையில வாங்கிட்டுப் போகும். முதல்ல வந்தவருக்கு நாற்காலியும் மாலையும் போட்டோவும் எப்பவும் போல உண்டு, அதை யாரும் பிடுங்கல.

இதோட எல்லாம் சரியாகிடும்னு நான் ஜல்லியடிக்க மாட்டேன். எப்படிப் பிரிச்சாலும் சராசரி 3,000 தான் வரும், 7,000 தான் போகும். அதனால பரிசைப் பிரிக்கிறது பாதி வேலை. செலவைக் குறைக்கிறது மீதி. அதுக்கும், விதிக்கும் சேர்த்து என் பட்டியல் இதோ.

1. அளவை எழுதி வைங்க. திமில் உயரம் இத்தனை அங்குலம்னு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எண். சுத்துப்பட்டுல பந்தயம் நடத்துற எல்லாக் கமிட்டியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே எண். ஒரே அளவுக் கம்பு. கம்புக்குக் கீழ போற மாடு இந்தப் பிரிவு, இடிக்கிற மாடு அடுத்த பிரிவு. பல்லையும் கால்நடை மருத்துவர் எல்லார் முன்னாலயும் பார்க்கட்டும். மாட்டுக்குக் கீழ்த்தாடை முன்பல் எட்டு, ஜோடி ஜோடியா விழுந்து முளைக்கும். அதுல ஏமாத்துறது கஷ்டம். பெரிய மாட்டைச் சின்னப் பிரிவுல நுழைக்கிற வேலை பாதி அங்கயே நின்னுடும்.

2. ஒரு பிரிவுல ஒரு பருவத்துல மூணு தடவை முதல் பரிசு வாங்கின ஜோடி, மிச்சப் பருவத்துக்கு மேல் பிரிவுல ஓடட்டும். ஜெயிச்சவனுக்குத் தண்டனையான்னு கேப்பீங்க. இல்ல, பதவி உயர்வு!

3. சின்னப் பிரிவுகளை (பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு) 20 கிலோமீட்டர் சுத்துவட்டார ஊர்களுக்கு மட்டும் ஒதுக்குங்க. லாரி வாடகைதான் செலவுலயே பெரிய துண்டு. அது பாதியானா மேல சொன்ன கணக்கே மாறும். பெரிய மாட்டுக்கு மதுரையில இருந்தும் தேனியில இருந்தும் வரட்டும், வேண்டாம்னு சொல்லல.

4. ஒரு ஆளுக்கு ஒரு பிரிவுல ஒரு வண்டி. மச்சான் பேர்ல ஒண்ணு, மாமனார் பேர்ல ஒண்ணுன்னு ஓட்டுறதைக் கண்டுபிடிக்கிறது கமிட்டிக்கு ஒண்ணும் பெரிய துப்பறியும் வேலை இல்ல. யார் வீட்டு மாடு எதுன்னு டீக்கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க.

5. மாடு தளர்ந்ததுன்னு பாதி வழியில வண்டியை நிறுத்துற சாரதிக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்க. இதுதான் என் பட்டியல்லயே முக்கியமானது. நிறுத்துறது நஷ்டம்னு இருக்கிற வரைக்கும் யாரும் நிறுத்த மாட்டாங்க.

6. தார்க்குச்சி கிடையாது. ஆணி வச்ச குச்சியைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 1965-லயே மத்திய அரசோட பாரம் இழுக்கும் கால்நடைகளுக்கான விதியில இருக்கு. 37 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கிற பக்கம் மத்தியானம் 12-லிருந்து 3 வரைக்கும் வண்டியில பூட்டக் கூடாதுன்னும் அதே விதியில இருக்கு. சித்திரை வைகாசியில எங்க கரிசல்ல 37 டிகிரிங்கிறது காலை டிபன் முடிக்கிறதுக்குள்ள வந்துடும். ஆக, விடியக்காலையில ஓட்டுங்க, பத்து மணிக்குள்ள முடிங்க.

7. வண்டிக்குப் பின்னால பைக்குல கத்திக்கிட்டே வர்ற கூட்டத்தை நிறுத்துங்க. மாடு சாட்டைக்குப் பயந்து ஓடுறதைவிட ஹாரனுக்கு மிரண்டு ஓடுறதுதான் ஆபத்து. ஒரு பைக் விழுந்தா மாடும் விழும், ஆளும் விழும்.

இதெல்லாம் நடக்கிற காரியமான்னு கேக்கறவங்களுக்கு: ஏற்கெனவே பக்கத்து மாநிலத்துல நடக்குது. தட்சிண கன்னடத்து எருமை ஓட்டமான கம்பளத்துல ஆறு பிரிவு. கலப்பை, கயிறு, பலகைன்னு பூட்டுற சாமானை வச்சுப் பிரிவு, கலப்பையிலயும் கயித்துலயும் பெரிசு, சின்னதுன்னு தனித்தனி. நடத்த மாவட்டக் குழு இருக்கு. 2020 பிப்ரவரியில ஐக்களாவுல ஸ்ரீநிவாச கவுடா 142.5 மீட்டரை 13.62 நொடியில ஓடினார்னு உலகமே உசேன் போல்ட்டோட ஒப்பிட்டுப் பேசுச்சே, ஞாபகம் இருக்கா? ஒப்பீடு சரியா தப்பாங்கிறதை விடுங்க. தூரத்தையும் நேரத்தையும் அளந்து எழுதி வச்சிருந்ததாலதான் பேசவே முடிஞ்சது. எங்க பக்கம் அதைவிட நல்லா ஓடின மாடுக எத்தனையோ இருந்திருக்கும். எழுதி வைக்க ஆள் இல்ல.

டிராக் ரேஸ் நண்பர்களுக்கும் ஒரு உதாரணம். அமெரிக்காவுல சாதாரண ஆளுங்க ஓட்டுற டிராக் ரேஸ்ல பிராக்கெட் ரேஸிங்னு ஒரு முறை. என் வண்டி இத்தனை நொடியில போகும்னு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். மெதுவான வண்டியை முதல்ல விட்டு, வேகமான வண்டியை அந்த வித்தியாசம் கழிச்சு விடுவாங்க. எழுதிக் கொடுத்ததைவிட வேகமாப் போயிட்டா பொதுவா அவுட்! அதனால லட்சக்கணக்குல கொட்டி இஞ்சினை மாத்தறவனும், வேலைக்குப் போற பழைய காரை ஓட்டிட்டு வர்றவனும் ஒரே கோட்டுல நின்னு மோத முடியுது. இதை அப்படியே மாட்டுக்குக் கொண்டு வரச் சொல்லல (மாடு எழுதிக் கொடுக்காது). விதியை யோசிச்சுப் போட்டா காசு இருக்கிறவன் மட்டுமே ஜெயிக்கிறதைத் தடுக்கலாம்ங்கிறதுக்குச் சொல்றேன்.

இனி, எதிர்ப்பேச்சு.

"பெரிய பரிசு போட்டாத்தான் பெரிய மாடு வரும், கூட்டம் வரும்." கமிட்டி அண்ணாச்சிமார் சொல்றது. சரி, பெரிய மாட்டுப் பிரிவுல போடுங்க அண்ணாச்சி. நான் கேக்கிறது சின்னப் பிரிவுகளை. அங்கதான் அடுத்த தலைமுறை வண்டிக்காரன் உருவாகிறான். அங்க அவனை ஒடிச்சுப் போட்டா பெரிய மாட்டுக்கு ஆள் எங்கிருந்து வரும்?

"மாட்டை வதைக்கிற விளையாட்டே வேண்டாம்." இதைச் சொல்றவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அவங்க காட்டுற காயங்கள் நிஜம். ஆனா டிராக்டர் வந்த பிறகு கரிசல்ல உழவு மாட்டுக்கு வேலை இல்ல. வளர்க்க ஒரு காரணம் இல்லாத காளைக்கன்னு எங்க போகும்னு எல்லாருக்கும் தெரியும். பந்தயம் அந்தக் காரணமா இருக்கட்டும். ஆனா வதைக்காம இருக்கணும். அதை வாய்வார்த்தையில இல்ல, விதியிலயும் பரிசுப் பட்டியல்லயும் காட்டணும்.

கடைசியா, இதை ஏன் இப்ப எழுதணும்? சட்டம்தான் காரணம். பலருக்கு மறந்து போச்சு, ஜல்லிக்கட்டு வழக்கோட கதையே மாட்டுவண்டிப் பந்தயத்துல தொடங்கினதுதான். 2006 மார்ச்சுல மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு வந்த மனு, மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டுத்தான். நீதிபதி பானுமதி அதையும் தடுத்து, ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடுத்தார். 2007-ல அமர்வு அதை மாத்துச்சு. 2014 மே 7-ம் தேதி உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டோட மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே நிறுத்துச்சு. 2017 ஜனவரியில மெரினாவுல கூடினோம், சட்டத் திருத்தம் வந்துச்சு. சந்தோஷம். ஆனா அந்தத் திருத்தத்துல ஜல்லிக்கட்டுன்னா என்னன்னு விளக்குற இடத்தைப் படிங்க. மஞ்சுவிரட்டு இருக்கு, வடமாடு இருக்கு, எருது விடும் விழா இருக்கு. மாட்டுவண்டிப் பந்தயம் பேர் இல்ல. கர்நாடகாவும் மகாராஷ்டிராவும் தங்கள் திருத்தத்துல அதைப் பேர் சொல்லியே சேர்த்துக்கிட்டாங்க. மகாராஷ்டிரா தனி விதியே போட்டு, ஓடுதளம் 1,000 மீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. 2023 மே 18-ல உச்சநீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதி அமர்வு மூணு மாநிலத் திருத்தமும் செல்லும்னு சொன்னப்ப, அவங்க பந்தயம் தன் பேரோட உள்ள நின்னுச்சு. நம்ம பந்தயம் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துச்சு.

நாளைக்கு இன்னொரு வழக்கு வந்தா நீதிபதி கேக்கப் போற முதல் கேள்வி, 'உங்க விதி என்ன?' அப்ப கமிட்டியாரின் முடிவே இறுதியானதுங்கிற நோட்டீஸை நீட்ட முடியாது. அளவு, தூரம், நேரம், சாட்டை, மருத்துவர், பரிசுப் பிரிப்பு எல்லாம் இருக்கிற ஒரு நாலு பக்கத் தாள் வேணும். அதை எழுத அரசாங்கம் வேண்டாம். அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னால ஏழெட்டு ஊர்க் கமிட்டி ஒரு சாயங்காலம் உட்கார்ந்தாப் போதும். டீ, கடலைமிட்டாய் செலவு என்னோடது.

டிஸ்கி: எனக்குச் சொந்தமா ஒரு மாடும் கிடையாது, இருக்கிறது ஒரு பழைய ஸ்கூட்டர்தான். அதனால எந்தப் பிரிவுலயும் எனக்குப் பரிசு வர வாய்ப்பில்ல. உங்க ஊர்ப் பக்கம் பூஞ்சிட்டுக்கும் கரிச்சானுக்கும் என்ன அளவு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. முதல் தாளுக்கு முதல் வரி அங்கிருந்து எடுத்துக்கலாம்.